பளசு

என் அண்ணனுக்கு ழ வராது. வாயிலும் வராது, கையிலும் வராது. அருப்புக்கோட்டையில் பாதிப் பேருக்கு வாயில் வராதுதான், ஆனால் அவர்கள் யாரும் ஃப்ளெக்ஸ் கடை வைக்கவில்லை. இவன் வைத்தான். ‘காதணி விளா’ என்றும் ‘இனிய வாள்த்துகள்’ என்றும் பத்தடி அகலத்தில் அடித்து ஊர் முழுக்கக் கட்டவிட்டான். ஒருத்தராவது அதைத் திருப்பிக் கொண்டுவந்து அவன் முகத்தில் எறிவார்கள் என்று வருஷக்கணக்காகக் காத்திருந்தேன். யாரும் எறியவில்லை.

எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம். நெசவுக்காரக் குடும்பம். வாசற்படி தாண்டினால் தமிழ். வீட்டுப் பாஷையில் ழ கிடையாது. பழசு என்பதற்கு நாங்கள் ‘ஹளே’ என்போம், அதில் இருப்பது ள. அவன் இதைச் சொல்லித்தான் தப்பித்துக்கொள்வான். நானும் அதே வீட்டில்தான் பிறந்தேன். நரிக்குடியில் ஓர் அலுவலகத்தில் டேட்டா என்ட்ரி பார்க்கிறேன். ஒரு எழுத்து மாறினால் ஒருத்தர் நிலம் இன்னொருத்தர் பேருக்குப் போய்விடுகிற வேலை அது. என் கையில் ழ தப்பாது. இங்கே எழுதுகிற சண்டைகள் எல்லாம் கன்னடத்தில் நடந்தவை. தமிழில் எழுதும்போது அவனுக்குக் கொஞ்சம் மரியாதை கூடிவிடுகிறது, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

எனக்கு ஒரு தங்கை. மூன்று வருஷத்துக்கு முன்னால் எம்.ரெட்டியபட்டிப் பையன் ஒருத்தனைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டு வெளியூர் போய்விட்டாள். பையன் எங்கள் ஆட்கள் இல்லை. அப்பா இல்லாத வீட்டில் அப்பாவுக்கும் சேர்த்து முறைப்பது தன் கடமை என்று நினைத்துக்கொண்டிருந்த அண்ணன், அன்றைக்கு மத்தியானமே அவளுக்குக் கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ் அடித்து வாசலில் கட்டினான். ஏதோ ஒரு கல்யாணத்தில் அவள் சிரித்துக்கொண்டிருந்த படம். மேலே தோற்றம், மறைவு. கீழே ‘ஆள்ந்த இரங்கலுடன், குடும்பத்தார்’. அந்தக் குடும்பத்தாரில் நானும் உண்டு, என்னை யாரும் கேட்கவில்லை. தெருக்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, சரியாகச் செய்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எழுத்துப் பிழையை ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் கிழிக்கப் போனேன், அம்மா கையைப் பிடித்துக்கொண்டாள். மூன்றாம் நாள் காற்றில் அதுவே கிழிந்தது.

அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் எடுத்து அவளுக்கே அனுப்பியிருந்தான்.

பிறகு கொஞ்ச காலம் அக்காவும் தங்கையுமாக நாங்கள் ரகசியமாகப் போனில் பேசினோம். ஒரு நாள் நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் என் போனில் இருந்து அவள் நம்பரை எடுத்து அண்ணன் கூப்பிட்டான். அவன் பேசின பேச்சை இங்கே எழுத முடியாது. அவள் நம்பரை மாற்றினாள். புது நம்பரை எனக்கும் தரவில்லை. “உன்னைய நம்புறேன். அந்த வீட்டை நம்பலை” என்றாள். அவள் இதைச் சொன்னது போனில் இல்லை, ஒரு கம்ப்யூட்டர் ஆட்டத்துக்குள்.

அது ரொம்பப் பழைய விவசாய ஆட்டம். சின்ன நிலம், ஒரு குளம், நாலு கோழி. அங்கே மழை தவறாமல் பெய்யும், எங்கள் பக்கத்து ஆளுக்கு அதைப் பார்க்கவே எரிச்சலாக இருக்கும். அவள் இங்கே இருந்தபோது ரெண்டு பேரும் சேர்ந்து விளையாடியது. வேறு வேறு ஊரில் இருந்தும் ஒரே நிலத்துக்குள் போகலாம். நிலத்தில் பலகை நடலாம், பலகையில் நாம் எழுதியது அப்படியே நிற்கும். அடுத்தவர் எப்போது வந்தாலும் படித்துக்கொள்ளலாம். கன்னடம் எங்களுக்கு எழுதத் தெரியாது, அதனால் தமிழில் எழுதினோம். அவள் நட்ட முதல் பலகை எனக்கு இன்னும் மனப்பாடம். ‘செத்த பெறகும் எனக்கு ழ கிடைக்கலை பாத்தியா.’ அதைப் படித்துவிட்டுச் சிரித்தேன், பிறகு அழுதேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் இருந்த ஒரே வழி அதுதான். அவளுக்குச் சளி பிடித்தது, வீடு மாறியது, பிள்ளை உண்டானது எல்லாம் பலகையில்தான் தெரியும். சாயங்காலம் ஆபீஸில் இருந்து வந்து, அண்ணன் கடையில் இருக்கிற நேரமாகப் பார்த்து உட்காருவேன்.

உட்காருவது அவன் கம்ப்யூட்டரில். வீட்டு முன்னறையில் வைத்துத்தான் அவன் டிசைன் போடுவான். ஒருமுறை யாரோ ஒரு கல்யாண வீட்டுக்காரர் கொண்டுவந்த பென் டிரைவில் வைரஸ் ஏறி எல்லாம் பாழாய்ப் போனதில் இருந்து அதில் விண்டோஸ் கிடையாது, லினக்ஸ்தான். ஆனால் அவன் டிசைன் மென்பொருளும் என் ஆட்டமும் விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. அவற்றை லினக்ஸில் ஓட வைக்க நடுவில் ஒன்று வேண்டும். அதற்கு ஒயின் என்று பேர் வைத்துத் தொலைத்திருக்கிறார்கள். அம்மா காதில் விழாமல் அந்தப் பேரைச் சொல்வதே ஒரு பாடு. விண்டோஸ் பேச்சை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்வது அதன் வேலை. அதில் புதிய பதிப்புகள் வந்துகொண்டே இருக்கும். புதுசு வந்தால் ஒன்று நன்றாக ஓடும், இன்னொன்று படுத்துக்கொள்ளும்.

தங்கைக்குத் தேதி நெருங்கிய வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை காலையில், அண்ணன் தன் டிசைன் மென்பொருள் மெதுவாக இருக்கிறது என்று ஒயினுக்கு அப்டேட் போட்டான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சாயங்காலம் ஆட்டத்தைத் திறந்தேன். திறந்தது. நிலம் இருந்தது, கோழிகள் இருந்தன, குளக்கரையில் ஒரு புதிய பலகை இருந்தது. பக்கத்தில் போய்ப் பார்த்தேன். தமிழ் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் வரிசையாகக் கட்டங்கள். வெறும் கட்டங்கள். பழைய பலகைகள் எல்லாமும் அப்படித்தான். எழுதினவர் பேர்கூடக் கட்டம். சரி, நான் ஆங்கில எழுத்தில் ஏதாவது கேட்டு நடலாம் என்று எழுதப் போனால், முதல் எழுத்தைத் தட்டியதும் ஆட்டமே மூடிக்கொண்டது. பத்து தடவை திறந்தேன், பத்து தடவையும் மூடியது. அவள் ஏதோ சொல்லியிருக்கிறாள், மூன்று வரி. வலி வந்துவிட்டதா, பிறந்துவிட்டதா, ஏதாவது ஆகிவிட்டதா. அவள் சொன்னது என் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது, படிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் அண்ணன் எதிரில் வந்திருந்தால் என் கையில் இருந்த டம்ளர் அவன் மேல்தான் விழுந்திருக்கும்.

திங்கட்கிழமை காலையில் அவன் இட்லி தின்றுகொண்டிருந்தபோது கேட்டேன்.

“எதுக்கு அப்டேட் போட்ட? என் ஆட்டம் ஓட மாட்டேங்குது. பழைய ஒயினை மறுபடி போட்டுக் குடு.”

“ஆட்டந்தானே. பச்சைப் பிள்ளையா நீ?”

“எதா இருந்தா உனக்கென்ன? போட்டுக் குடு.”

“பளசையெல்லாம் போட முடியாது. புதுசு வந்தா வந்ததுதான்” என்றான். “பளசைக் கிண்டிக்கிட்டு இருக்காம ஆபீஸுக்குப் போ.”

எங்கள் வீட்டில் தங்கையின் பேச்சை எடுத்தால் அம்மாவும் இவனும் சொல்கிற வாசகம் அது. மூன்று வருஷமாக அந்த வாசகத்தால்தான் வாயை அடைக்கிறார்கள். அம்மா சட்னிக் கிண்ணத்தோடு வந்து, “ஏம்மா, காலங்காத்தால பழசைக் கிண்டாத” என்றாள். அவள் எதைச் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரம்மாவையும் தேவையில்லாமல் கடித்துவைத்தேன்.

முடியாது என்பது பொய். ஒயினின் பழைய பதிப்புகளை இணையத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்கள். வேண்டியதை இறக்கி, ஒரு ஃபோல்டரில் பிரித்துப் போட்டு, ஆட்டத்துக்கு மட்டும் இதை எடுத்துக்கொள் என்று காட்டிவிட்டால் போதும். புதுசு பாட்டுக்குப் புதுசு இருக்கும். இதை நான் ஆபீஸ் இடைவேளையில் போனில் படித்துத் தெரிந்துகொண்டேன். படித்தால் லேசாகத்தான் இருந்தது. முதலில், முன்னால் எந்தப் பதிப்பு இருந்தது என்று எனக்குத் தெரியாது. எண்களாகவே நீளமாக ஒரு பட்டியல், பாதி எண்ணுக்கு ஒரு புள்ளி, பாதிக்கு இரண்டு புள்ளி. உத்தேசமாக ஒன்றை எடுத்துப் போனில் இறக்கத் தொடங்கினேன். ஆபீஸில் சிக்னல் ஒரு கோடு. சாயங்கால பஸ்ஸில் திருச்சுழி வருகிறவரைக்கும் நன்றாக இறங்கியது, ஊரைத் தாண்டியதும் சுற்றிக்கொண்டே நின்று, தோல்வி என்றது. மறுபடி முதலில் இருந்து. செவ்வாயும் இதே கதை. ஜன்னலுக்கு வெளியே கருவேலங்காடு வந்தாலே போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன், கண்டக்டர் என்னைப் பார்த்த பார்வையே சரியில்லை.

செவ்வாய்க்கிழமை ஆட்டத்தைத் திறந்தபோது பலகை இரண்டாகியிருந்தது. அதுவும் கட்டம்.

புதன்கிழமை லீவு சொல்லிவிட்டு ஷேர் ஆட்டோ பிடித்து எம்.ரெட்டியபட்டிக்குப் போனேன். பையன் வீட்டில் கேட்டுவிடலாம் என்று. மூன்று வருஷமாக அவர்கள் முகத்தில் விழித்ததில்லை. வீடு பூட்டியிருந்தது. எதிர்வீட்டில் பருத்தி மூட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்த ஒருத்தர், “அவுக எல்லாம் மகன் வீட்டுக்குப் போயிட்டாக. நீங்க யாரு?” என்றார். பொண்ணோட அக்கா என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஃப்ளெக்ஸு அடிச்ச வீடா?” என்று கேட்டார். நம்பர் இருக்கிறதா என்று கேட்டேன். “இருந்தாலும் உங்க வீட்டுக்குக் குடுக்க மாட்டேன்” என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்த கோபம் எல்லாம் யார் மேல் என்று சொல்லத் தேவையில்லை.

வியாழக்கிழமை பலகை மூன்றாகியிருந்தது. மூன்று தடவை கூப்பிட்டிருக்கிறாள், நான் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போகிறேன் என்று நினைப்பாள். அந்த வீட்டு ஆளாக நானும் ஆகிவிட்டேன் என்று நினைப்பாள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை. அண்ணன் மட்டும் ரெண்டாவது தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டான்.

வெள்ளிக்கிழமை ஆபீஸ் மாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வெயிலில் நின்று முழுசாக இறக்கி முடித்தேன். முகம் எரிந்தது. சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அண்ணன் கடைக்குப் போனதும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, போனில் இருந்ததை அதில் ஏற்றினேன். பிரித்தேன். ஒன்றும் ஓடவில்லை. ஃபோல்டருக்குள் அதே பேரில் இன்னொரு ஃபோல்டர் இருந்து, எல்லாம் அதற்குள் போய் உட்கார்ந்திருந்தது. அதைப் பார்க்கவே ஒரு மணி நேரம். சரி, எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒழுங்காகச் செய்வோம் என்று, ஒயின் பதிப்புகளை வைக்க வேண்டிய இடத்துக்குப் போய்ப் புதிய ஃபோல்டர் போட்டேன். எண்ணெல்லாம் வேண்டாம், தமிழிலேயே இருக்கட்டும் என்று பேரை அடித்தேன். பழசு.

அது வரிசையில் போய் நின்றது. அதற்கு நேர் மேலே இன்னொன்று ஏற்கெனவே இருந்தது. பளசு.

முதலில் என் கை தப்பிவிட்டது என்றுதான் நினைத்தேன். அவமானமாகக்கூட இருந்தது. பிறகு தேதியைப் பார்த்தேன். திங்கட்கிழமை, காலை பதினொன்றரை. அந்த நேரத்தில் நான் நரிக்குடியில் இருந்தேன். உள்ளே ஒயினின் பழைய பதிப்பு, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் இல்லாமல், ஒழுங்காகப் பிரித்துப் போடப்பட்டிருந்தது. பளசையெல்லாம் போட முடியாது என்று இட்லியை விழுங்கிக்கொண்டே சொன்னவன், நான் தெருமுனை தாண்டியதும் உட்கார்ந்து போட்டிருக்கிறான்.

என் ஆட்டத்தின் அமைப்பைத் திறந்து, எந்த ஒயின் என்கிற இடத்தில் அவன் ஃபோல்டரைக் காட்டினேன். ஆட்டம் திறந்தது, எழுத்து எழுத்தாகத் தமிழ் வந்தது. குளக்கரைக்கு ஓடினேன்.

முதல் பலகை, ஞாயிற்றுக்கிழமையது. ‘வலி வந்துருச்சுக்கா. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புறோம். நீ பயப்படாத.’

இரண்டாவது பலகைக்கு மேலே என் பேர் இருந்தது. நான் அதை நடவில்லை. என் பேரில் நுழைந்து யாரோ நட்டது. ‘குளந்தை பிறந்துருச்சா. நல்லபடியா இருக்கியா.’

இந்த வாரம் மட்டுமில்லை. இந்த ஆட்டத்துக்குள் அவள் இருக்கிறாள் என்று முன்பே தெரியாமல் இவன் எதற்காகத் திங்கட்கிழமையே பழைய ஒயினைப் போட வேண்டும்? எத்தனை மாதமாகவோ, ஒருவேளை முதல் பலகையில் இருந்தோ, நான் ஆபீஸ் போனதும் இவன் உள்ளே போய் ஒவ்வொரு பலகையாகப் படித்திருக்கிறான். சளி பிடித்ததை, வீடு மாறியதை, நாங்கள் இவனைத் திட்டினதை. செத்த பிறகும் எனக்கு ழ கிடைக்கவில்லை என்று அவள் எழுதினதையும். படித்துவிட்டு ஒன்றும் தெரியாதவன் மாதிரி, பழசைக் கிண்டாதே என்று என்னிடம் சொல்லியிருக்கிறான். இந்த வாரமும் தன் வேலை முடிந்ததும், நான் கண்டுபிடிக்காதபடி ஆட்டத்தை மறுபடி புதிய ஒயினுக்கே மாற்றிவைத்திருக்கிறான்.

மூன்றாவது பலகை அவளுடையது. வியாழக்கிழமை நட்டது. ‘பொண்ணு. ரெண்டு பேரும் நல்லா இருக்கோம். அண்ணே, குழந்தைக்கு இந்த ழ.’

என் பேர் போட்ட பலகைக்கு அவள் அண்ணனுக்குப் பதில் எழுதியிருந்தாள். ஒரு எழுத்தில் ஆளைப் பிடித்துவிட்டாள். நல்லா இருக்கோம் என்கிற வரியைப் பத்து தடவை படித்தேன். வாரம் முழுக்க அடக்கிவைத்த அழுகை வந்தது. அது பாதி வரும்போதே கோபம் வந்துவிட்டது. இவனுக்கு வியாழக்கிழமையே தெரிந்திருக்கிறது. அன்றைக்குத்தான் ரெண்டாவது தடவை ரசம் வாங்கியிருக்கிறான். நான் வெள்ளிக்கிழமை வெயிலில் மொட்டைமாடியில் நின்றேன்.

மத்தியானம் அவன் சாப்பிட வந்தான். செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

“ழ தெரியாதவனுக்குப் பலகை எழுதுற வேலை எதுக்கு?”

அவன் நிமிரவில்லை. ஒரு செருப்பு காலில் இருந்தது, ஒன்று கையில் இருந்தது. அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். நான் என்னவெல்லாமோ திட்டத் தயாராக வைத்திருந்தேன், நாலு நாள் பஸ்ஸில் ஒத்திகை பார்த்தது. அவன் செருப்பைக் கீழே வைத்துவிட்டு முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த திரையைப் பார்த்தான். பலகை தெரிந்தது.

“எத்தனை கிலோவாம்?” என்றான்.

“தெரியாது. நீயே கேளு.”

“நீ எழுது. எனக்குத் தப்பா வரும்.”

“எழுத மாட்டேன்” என்றேன். “அவளுக்கு அடிச்சியே ஒரு ஃப்ளெக்ஸு, அதுல இருந்துச்சே ள, அதை வெச்சே எழுது. அப்பத்தான் கேக்குறது யாருன்னு அவளுக்குத் தெரியும்.”

அவன் கை கழுவாமல் வந்து உட்கார்ந்தான். அம்மா கரண்டியோடு வந்து எங்கள் பின்னால் நின்றாள், பழசு என்ற வார்த்தையை அன்றைக்கு அவள் எடுக்கவில்லை. அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தான். ‘குளந்தை எத்தனை கிலோ.’ அடித்துவிட்டு, சரியா என்று கேட்கிற மாதிரி என் பக்கம் திரும்பினான். நான் திருத்தவில்லை.